லயத்துச் சுவரும் மேடை ஒலியும்

பசறையிலிருந்து நமுனுகுல மலைப் பக்கமாக ஏறிச் செல்லும் பாதையில் உள்ள தோட்டமொன்றின் லயத்தில், சென்ற தைப்பொங்கலை அடுத்த ஒரு மாலைப் பொழுதில் ஒரு சச்சரவு நிகழ்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் கொழும்பிலே கடைச் சிப்பந்தியாக வேலை செய்து சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தான். கலியாண மண்டபங்களிலும் திருவிழா மேடைகளிலும் வைக்கின்ற பெரிய அம்பிளிபயர் ஒன்றை அந்தப் பணத்தைக் கொண்டு பழைய விலைக்கு வாங்கி வந்து தன் வீட்டிலே பூட்டினான். வீடு என்று சொன்னேன்; பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பிராவும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் கொண்டதே அந்த வீடு. ஒரு பக்கத்துக் காம்பிராவில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள் ஒரு சிறுமி. மறு பக்கத்தில், பகலெல்லாம் மலையேறிக் கொழுந்தெடுத்துவிட்டு வந்த ஒரு மூதாட்டி கண்ணயர முயன்றுகொண்டிருந்தாள்.

பாட்டு எழுந்தது, தகரக் கூரை அதிர்ந்தது, லயமே வாசலுக்கு வந்துவிட்டது. வழக்கு தோட்டத் தலைவரிடம் போயிற்று. ‘வாத்தியாரும் வரட்டும்’ என்று என்னையும் அழைத்தார்கள்.

“திருவிழாவுக்கு மேடையில வச்சா குத்தமில்ல, சேர். அதையே நம்ம வீட்டுல வச்சா மட்டும் குத்தமா?” என்று கேட்டான் அவன்.

“தம்பி, ஒன் பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வூட்டுச் சட்டி பானையெல்லாம் சேந்து பாடுதே!” என்றாள் சிறுமியின் தாய்.

கூடியிருந்தோர் சிரித்தார்கள். சிரிப்போடு வழக்கும் முடிந்தது. ஆனால் அவனது கேள்வி என்னை விட்டபாடில்லை. மேடையில் நியாயமாக இருக்கும் ஒன்று வீட்டில் அநியாயமாக மாறுவது எதனால்? ஒலியைப் பெருக்கும் இந்தப் பெட்டி எங்கே, எவருக்காகப் பிறந்தது? மலைநாட்டுத் தோட்டங்களில் ஒலி இதுவரை எவர் கையில் இருந்தது? இவற்றை ஆராயப் புகுந்தால், ஓர் அயல்வீட்டுச் சண்டைக்குப் பின்னால் நீண்டதொரு சரித்திரம் இருப்பது புலனாகின்றது.

* * *

தோட்டத்தின் முதல் ஒலி அதிகாரத்தின் ஒலியாகவே இருந்தது. கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டதன் பின் வந்த தேயிலைக் காலத்திலும், தொழிலாளியின் நாளைத் தொடக்கி வைத்தது தப்பு. விடியுமுன் லயத்தருகே தப்பு முழங்கும். அதைக் கேட்டதும் கூடையும் கம்பளியுமாகப் பிரட்டுக் களத்திலே போய் நிற்க வேண்டும். பிந்தியவருக்கு அன்றைய பேர் இல்லை; பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை. பின்னர் சில தோட்டங்களில் கொம்பும், அதற்குப் பின் ஸ்டோரிலிருந்து ஊதும் சங்கும் அதே வேலையைச் செய்தன. நேரம் என்பது துரையின் சொத்து. அந்தச் சொத்தை மலை முழுவதும் பரப்பும் கருவியாக ஒலி பயன்பட்டது.

எனினும் தப்புக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் இரவுகளிலும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளிலும், கலியாணத்திலும் இழவிலும் முழங்கியது அதே தோற்கருவிதான். காலையிலே கட்டளையாக ஒலித்தது, இரவிலே மக்களின் கதையாக ஒலித்தது. அதை அடித்த கரங்களைச் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்த நம் சமுதாயம், அக்கரங்கள் எழுப்பிய ஒலியில்லாமல் ஒரு சடங்கையேனும் நடத்த வல்லதாக இருக்கவில்லை. இந்த முரண்பாட்டை நாம் மறந்துவிடலாகாது. ஒலியை எழுப்புபவன் ஒருவன், அதற்கு உரிமை கொண்டாடுபவன் மற்றொருவன் என்னும் நிலைமை மின்சாரம் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்தது.

அரசாங்கமும் ஒலியைச் சும்மா விட்டு வைக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம், பொது இடங்களில் பறையும் மேளமும் முழக்குவதை அனுமதிப் பத்திரத்துக்கு உட்படுத்தியது. பிற்காலத்தில் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்திலே அனுமதி பெறும் வழக்கத்துக்கும் இச்சட்டமே அடிப்படையாக அமைந்தது. ஒலியும் ஆட்சியும் ஒன்றையொன்று அறிந்தே வளர்ந்தன.

* * *

துரையின் ஒலிக்கு எதிராகத் தொழிலாளியின் குரல் எழுந்தபோது அதற்குத் துணையாக எந்தக் கருவியும் இருக்கவில்லை. தொண்டையே கருவி. தமிழகத்திலே 1908ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பெருங் கூட்டங்களில் பேசியது வெறுங் குரலினால்தான். ஆயிரக்கணக்கானோருக்குக் கேட்கும்படி பேசுவதற்காகச் சொற்களை நிறுத்தி, நீட்டி, அடுக்கிப் பேசும் பழக்கம் நமது மேடைத் தமிழில் ஏற்பட்டது.

இலங்கையின் மலைநாட்டிலே இந்தப் பணியைத் தொடங்கியவர் கோ. நடேசய்யர். தோட்டத்துக்குள் அந்நியர் நுழைவதை அத்துமீறல் சட்டத்தைக் காட்டித் தடுத்தார்கள் துரைமார். நடேசய்யரோ புடவை வியாபாரியின் வேடத்தில் லயங்களுக்குட் சென்று தொழிலாளரின் நிலைமையை அறிந்தார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரங்களைப் பாட்டாக்கிக் கூட்டங்களிலே பாடினார். பேச்சு எட்டாத செவிக்கும் பாட்டு எட்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். இராகம் சொல்லைத் தூக்கிச் செல்லும். கேட்டவர் திரும்பப் பாடுவர். ஒருவர் குரல் நூறு பேர் குரலாகும். மின்சாரமில்லாத காலத்தில் மக்கள் கண்டுபிடித்த பெருக்கி அதுவே.

1939ஆம், 1940ஆம் ஆண்டுகளில் தோட்டங்களெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அந்த அலை ஊவாவுக்கும் பரவியது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த ஒரு சபையை அமைத்தனர். அச்சபையுடன் கலந்தே கருமமாற்றுவதற்குத் துரையும் இணங்க நேர்ந்தது. 1940 மே 12ஆம் நாள், பொலிசாரின் தடையை மீறிப் பதுளையில் நடந்த பெருங் கூட்டத்தில் என். எம். பெரேரா பேசினார். பின்னர் அடக்குமுறையினால் அந்த எழுச்சி நசுக்கப்பட்டது. எனினும் ஓர் உண்மை நிலைத்துவிட்டது. பிரட்டுக்கு அழைக்கும் ஒலியை மாத்திரமே கேட்டுப் பழகிய செவிகள், ‘நாமும் பேசலாம், நாம் பேசினால் துரைக்கும் கேட்கும்’ என்பதை அறிந்துகொண்டன.

* * *

இனி, பெருக்கி என்னும் கருவியின் பிறப்பைக் காண்போம். நம் மக்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் ‘செட்’ என்று சொல்வார்கள். உண்மையில் அதில் மூன்று உறுப்புகள் உண்டு. ஒலிவாங்கி குரலை மெல்லிய மின்னோட்டமாக மாற்றுகிறது. பெருக்கி, அதாவது அம்பிளிபயர், அந்த மெல்லிய ஓட்டத்தை வலிமையாக்குகிறது. ஒலிபெருக்கி அவ்வலிமையை மீண்டும் காற்றின் அசைவாக மாற்றுகிறது. நடுவிலிருக்கும் பெருக்கி தானாக எதையும் சொல்வதில்லை. கொடுத்ததைப் பெரிதாக்கும், குறையையும் சேர்த்தே பெரிதாக்கும்.

அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் 1906இல் அமைத்த மூன்று முனை வெற்றிடக் குழாய் இதற்கு வழி திறந்தது. 1915ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய நாள், சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருந்திரளுக்கு ஜென்சன், பிரிடம் என்னும் இருவர் தமது ‘மாக்னவொக்ஸ்’ கருவியினால் பாட்டும் பேச்சும் கேட்கச் செய்தனர். இலத்தீன் மொழியில் அப்பெயருக்குப் ‘பெருங்குரல்’ என்று பொருள். 1919இல் சன் டியாகோ நகரில் ஜனாதிபதி வில்சன் அத்தகைய கருவியின் துணையுடன் பேசினார். அன்று முதல் அரசியலின் குரல் மாறிவிட்டது. பத்தாண்டுகளுக்குள் பேசும் படம் வந்தது. 1931இல் ‘காளிதாஸ்’ தமிழிலே பேசியது.

இக்கருவிக்கு மனச்சாட்சி கிடையாது என்பதையும் உலகம் விரைவிலேயே கண்டது. 1933இல் ஜெர்மனியின் நாஜி அரசாங்கம் ‘மக்கள் வானொலி’ என்று பெயரிட்டு மலிவான பெட்டிகளை வீடுதோறும் புகுத்தியது. பெட்டி மக்களுடையது, குரல் சர்வாதிகாரியுடையது.

நமது தீவிலே 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்காசியாவில் நின்ற நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பிலிருந்து ஒரு நிலையம் நடத்தப்பட்டது. போர் முடிந்த பின் அந்த வலிமை வாய்ந்த கருவிகள் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ பிறந்தது. 1950இல் வர்த்தக சேவையும் ஆரம்பித்தது. 1952இல் இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கி வைத்தபோது, தமிழகத்து வீடுகள் இலங்கையை நோக்கித் தம் பெட்டிகளைத் திருப்பின. போருக்காகச் செய்த வலிமை வீட்டின் இன்பமாக மாறிய வரலாறு இது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய காரியத்துக்காகச் செய்த கருவி சிறிய வீட்டுக்கு வந்து சேர்வது என் மாணவன் புதிதாகச் செய்த செயலல்ல.

* * *

ஆனால் மலைநாட்டு லயத்துக்கு அந்த இன்பம் எளிதில் வந்து சேரவில்லை. காரணம், வெளிச்சம் இல்லை. இதில் உள்ள அநீதியை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பல தோட்டங்களில் ஓடைநீரால் உருளையைச் சுழற்றி ஸ்டோரின் இயந்திரங்களை ஓட்டினார்கள். துரையின் பங்களாவிலும் விளக்கெரிந்தது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த லக்சபான நீர்மின் திட்டம் 1950இல் நிறைவேறியபோது, மலைநாட்டு நீரின் வலிமை கம்பி வழியே கொழும்புக்கு இறங்கிப் போயிற்று. அந்தக் கம்பியின் கீழே, தேயிலை மலைகளுக்கு நடுவே, லயக் காம்பிராவில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கியிருந்த காலம் அது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் இரு பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்து எழுதியது. எழுதியவர்கள் இம்மக்களின் குரலைக் கேட்டு எழுதவில்லை.

இருளிலும் பாட்டு நுழைந்தது. 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான டிரான்சிஸ்டர், வெற்றிடக் குழாய்களை அகற்றிவிட்டுச் சில உலர் மின்கலங்களால் இயங்கும் சிறு பெட்டிகளைச் சாத்தியமாக்கியது. அதன் பிறகே லயத்தில் வானொலி பேசத் தொடங்கியது. ஒரு காம்பிராவில் பெட்டி இருந்தால் லயம் முழுவதும் கேட்கும். கேட்க வேண்டுமென்றே இஸ்தோப்பில் வைப்பார்கள். பின்னர் மோட்டார் வாகனப் பற்றரிகளைத் தோளில் சுமந்து டவுனுக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து, பாட்டுப் பெட்டியும் தொலைக்காட்சியும் இயக்கிய காலமும் வந்தது. ஒலியைக் குறைக்க நேர்ந்த காலமும் உண்டு. 1977இலும் 1983இலும் கலவரங்கள் மூண்ட நாட்களில், தமிழ்ப் பாட்டு வெளியே கேட்டுவிடக் கூடாதென்று பெட்டியைக் கம்பளிக்குள் சுற்றி வைத்ததாக முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உரக்கப் பாட்டுக் கேட்பது சிலருக்குக் கேளிக்கை. சிலருக்கு, அஞ்சாமல் வாழ்கிறோம் என்பதன் அடையாளம்.

மேடைச் செட் தோட்டத்துக்கு வந்தது கோயில் திருவிழாவோடும் மே தினத்தோடும் தொழிற்சங்கக் கூட்டத்தோடுமே. டவுனிலிருந்து லொறியில் பெருக்கியும், கூம்பு வடிவான குழாய்களும், மின்சாரமில்லாத இடமானால் ஜெனரேட்டரும் வரும். குழாய்களைச் சவுக்கு மரத்தின் உச்சியிலே கட்டுவார்கள். இதிலே ஒரு நுட்பம் உண்டு. மேடைப் பெருக்கிகள் பலவற்றில் 100 வோல்ட் என்று குறித்த ஒரு வாயில் இருக்கும். நீண்ட தூரத்துக்கு மெல்லிய கம்பியில் மின்சாரத்தைக் கொண்டு செல்லும்போது, அழுத்தத்தைக் கூட்டி ஓட்டத்தைக் குறைத்தால் கம்பியில் வீணாகும் வலு குறையும். லக்சபானையிலிருந்து கொழும்புக்குப் போன கம்பியின் தத்துவமும் இதுதான். ஒவ்வொரு குழாயிலும் உள்ள சிறு மின்மாற்றி அழுத்தத்தை மீண்டும் இறக்கிக்கொள்ளும். இவ்வாறு கோயிலடியில் பாடும் பாட்டு மேற்கணக்கு லயத்துக்கும் கீழ்க்கணக்கு லயத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. விடிகாலையில் தப்பும் சங்கும் ஆட்சி செய்த அதே மலையில், தொழிலாளர் தாம் சேர்த்த பணத்தில், தாம் தெரிந்தெடுத்த ஒலியை, தமக்காகப் பரப்பினர். கூட்டத்தில் ஒலிவாங்கியின் முன் முதன்முதலாக நின்ற ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பியபோது அவள் என்ன உணர்ந்திருப்பாள்! இது அற்பமான வெற்றியன்று.

* * *

இப்போது அந்த மேடைப் பெருக்கி காம்பிராவுக்குள் வந்திருக்கிறது. பிற நாடுகளிலும் இது நடந்ததுதான். 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கென்று ‘வெஸ்டர்ன் எலக்ட்ரிக்’ நிறுவனம் செய்த பெருக்கிகளைப் பிற்காலத்தில் ஜப்பானிய இரசிகர்கள் தேடி வாங்கித் தம் வீடுகளில் வைத்தார்கள். 1967இல் ‘கிரவுன்’ நிறுவனம் வெளியிட்ட டிசி-300 என்னும் வலிய டிரான்சிஸ்டர்ப் பெருக்கி, மேடைகளுக்கும் போயிற்று, இசைப் பிரியர் வீடுகளுக்கும் போயிற்று. காரணம் எளிது. உழைப்புக்கென்று செய்த கருவி உறுதியானது. ஒரு வாட்டுக்கு அதன் விலையும் குறைவு. அலங்காரப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தை ஏழை ஏன் கொடுக்க வேண்டும்? என் மாணவனின் தெரிவிலே அறிவு இருக்கிறது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அறிவு முழுமையாக இருக்க வேண்டும். அவனோடு உட்கார்ந்து ஒரு நாள் கணக்குப் போட்டோம். சாதாரண வீட்டு ஒலிபெருக்கி ஒன்றுக்கு ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 88 முதல் 90 டெசிபல் வரை ஒலி எழும். மனிதர் சாதாரணமாக உரையாடும் ஒலி ஏறக்குறைய 60 டெசிபல். ஆகவே காம்பிராவை நிறைக்க ஒரு வாட்டே மிகை. வாட்டை இரு மடங்காக்கினால் 3 டெசிபல் மாத்திரமே கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும், காதுக்கு அது இரு மடங்காகத் தோன்றும். ஐந்நூறு வாட் என்பது ஒரு வாட்டைவிடக் காதுக்கு ஐந்நூறு மடங்கன்று; ஆறேழு மடங்குதான். ஆயினும் அது 115 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும் என்றும் தொழிற் சுகாதார நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். 115 டெசிபலுக்கு அரை நிமிடம்.

அவன் வியந்தது வேறோர் உண்மையைக் கேட்டுத்தான். நான் சொன்ன அந்தத் திரையரங்குப் பெருக்கிகளில் ஒன்று தந்த வலு வெறும் எட்டு வாட்! எட்டு வாட்டைக் கொண்டு ஒரு சிறு திரையரங்கை நிறைத்தார்கள். அவர்கள் வைத்த பெருங் கூம்புகள் மின்வலுவில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கு மேல் ஒலியாக மாற்றின. வீட்டு ஒலிபெருக்கியோ நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட மாற்றுவதில்லை. எஞ்சியது சூடாகப் போகிறது. வலிமையைக் குவிப்பதைவிட, இருப்பதை வீணாக்காமல் பயன்படுத்துவதே சிறந்த பொறியியல். இது ஒலிக்கு மாத்திரம் பொருந்தும் உண்மையா என்பதை வாசகர்களே சிந்திக்கட்டும்.

வேறு இடர்களும் உண்டு. வீட்டுப் பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் குறியலை ஏறக்குறைய 0.3 வோல்ட், மேடைக் கருவிகள் எதிர்பார்ப்பது 1.2 வோல்ட். இந்த வேற்றுமையை அறியாதவர் விசையை முற்றாகத் திருப்பி விடுவர். இரைச்சலும் சேர்ந்து பெருகும். 100 வோல்ட் வாயிலில் வீட்டு ஒலிபெருக்கியை நேராகப் பூட்டினால், அதன் 8 ஓம் சுருளின் வழியே ஆயிரம் வாட்டுக்கு மேல் பாய முற்படும். ஒரு கணத்தில் சுருள் கருகிவிடும். பெருக்கியின் எல்லையைத் தாண்டி ஒலியை ஏற்றினால் அலையின் முகடு வெட்டுண்டு, மென்சுரம் தரும் சிறு ஒலிபெருக்கி முதலில் அழியும். மண்டபத்துக்கென வைத்த விசிறியின் இரைச்சலோ காம்பிராவிலே இரவெல்லாம் கேட்கும். குறைந்த விசையில், தகுந்த வாயிலில் பூட்டினால் அதே கருவி பல்லாண்டு உழைக்கும், இனிமையும் தரும். அவன் விசையைக் கால் பங்குக்கும் கீழே வைத்துவிட்டு, “இப்பத்தான் சேர் தபேலாவே தனியாக் கேக்குது” என்றான்.

* * *

கணக்கு முடிந்தது, ஆனால் கேள்வி முடியவில்லை. கால் பங்கு விசையிலும் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கத்தான் செய்தது. ஏன்? சுவர்!

லயம் என்பது குடும்பங்கள் வாழ்வதற்கென்று திட்டமிட்ட வீடன்று. உழைப்பாளிகளை இரவில் அடுக்கி வைப்பதற்கென்று கட்டியது. பத்தும் பன்னிரண்டும் காம்பிராக்கள் ஒரே வரிசையில். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமானால் இருபத்துநான்கு. பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதே இல்லை. தகரத்தின் கீழே ஒரே காற்று, ஒரே புகை, ஒரே ஒலி. சுவரின் பாரம் கூடினால்தான் ஒலி தடைப்படும். அதிலும் தாழ்சுரம் எளிதில் ஊடுருவிச் செல்லும். எனவேதான் பாட்டின் சொல் கேளாதபோதும் அதன் அடி மாத்திரம் அடுத்த வீட்டு அடுக்களையைக் குலுக்குகிறது. இந்தச் சுவரின் இரு பக்கத்திலும் கணவன் மனைவி இரகசியம் பேச முடியாது. நோயாளி நிம்மதியாக இரும முடியாது. பிள்ளை படிக்க முடியாது. பாட்டுப் பெட்டி வருவதற்கு முன்பே இந்தத் துன்பம் இருந்தது. பெருக்கி தன் இயல்புப்படி இருந்த குறையைப் பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவே.

2007 நவம்பர் 9ஆம் நாள் இலங்கை உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி முழங்குவதைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது. அமைதியாக உறங்குவது எல்லா மனிதருக்கும் உள்ள உரிமை என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் மணிக்கூட்டைப் பார்க்கிறது, சுவரைப் பார்ப்பதில்லை. தனிவீட்டில் வாழ்பவன் தன் தோட்டத்து மரங்களுக்கு மத்தியில் எவ்வளவு உரத்துப் பாட்டுக் கேட்டாலும் அவனை நாகரிகமானவன் என்கிறோம். லயத்தில் வாழும் இளைஞன் அதில் பாதி ஒலியில் கேட்டால் அவனைப் பண்பற்றவன் என்கிறோம். இருவருக்கும் இடையே உள்ள வேற்றுமை பண்பில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. ஒருவனுக்குச் சொந்தமாக நிலம் உண்டு, மற்றவனுக்கு இல்லை.

1975இல் தோட்டக் கம்பனிகளின் நிலம் அரசுடைமையாயிற்று. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. துரைமார் மாறினர், கொடிகள் மாறின, காகிதங்கள் மாறின. சில இடங்களில் தனிவீடுகளும் எழுந்தன. எழுந்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் பெருந்தொகையான குடும்பங்களின் இடைச்சுவர் இன்னும் அதே சுவராகவே நிற்கிறது. 2023இல், முன்னோர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன. அக்குரல்தான் பெருக்கப்பட வேண்டிய குரல்.

எனவே, ‘மேடையில் குற்றமில்லை, வீட்டில் மாத்திரம் குற்றமா?’ என்ற மாணவனுக்கு என் விடை இதுதான்: குற்றம் பாட்டிலுமில்லை, பெட்டியிலுமில்லை. மேடையிலே அந்தப் பெட்டி பலரின் குரலைப் பலருக்குக் கொண்டு செல்கிறது. அங்கே அதன் ஐந்நூறு வாட்டுக்கும் வேலை உண்டு. காம்பிராவிலே அதே வலு, உன்னைப் போலவே ஒடுக்கப்பட்ட அயலாரின் இரவைப் பறிக்கிறது. துரையின் தப்பு அன்று பறித்ததும் அதே உறக்கத்தைத்தான். ஒலியை வென்றெடுத்த மக்கள் அதை ஒருவர்மீது ஒருவர் ஏவிக்கொள்ளலாகாது.

இதை நான் மேடைப் பேச்சாகச் சொல்லவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே சொன்னேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. மாசி மாதம் பிறந்தது. அந்தத் தோட்டத்தில் காமன் கூத்து நடந்த இரவில் நானும் போயிருந்தேன். அவனது பெருக்கி கூத்துத் திடலின் ஓரத்தில் இருந்தது. கதை பாடிய கிழவரின் முன் ஒலிவாங்கியை வைத்துவிட்டு, விசையில் கை வைத்தபடி அவன் விழித்திருந்தான். தப்புக்கு ஒலிவாங்கி வைக்கவில்லை.

“அதுக்கெதுக்கு சேர் கரண்டு?” என்றான்.

அடுத்த காம்பிராச் சிறுமியும் தாயும் முன்வரிசையிலே உட்கார்ந்திருந்தார்கள். கிழவரின் தளர்ந்த குரல் மலைச்சரிவெங்கும் தெளிவாகக் கேட்டது. விடிந்ததும் எல்லாரும் லயத்துக்குத் திரும்பினார்கள். சுவர் அங்கேயே நின்றது.